அனிகட்: ஆங்கிலத்தில் குடியேறிய அணைக்கட்டு

உக்கடம் பெரியகுளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கரையில் நடைபயிற்சிக்கு வருகிறவர்களைக் கேட்டால், “நொய்யல்ல வெள்ளம் வந்தா வருமுங்க” என்பார்கள். நீர்வளத்துறை ஆவணங்களில் இதற்கு இரண்டே சொல்லில் விடை இருக்கிறது: கோயம்புத்தூர் அனிகட். ஊருக்கு மேற்கே நொய்யலின் குறுக்கே கிடக்கும் தாழ்வான கட்டுமானம் அது. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்தான் 300 ஏக்கருக்கு மேல் விரிந்த பெரியகுளத்தையும் பக்கத்து வாலாங்குளத்தையும் நிரப்ப வேண்டியது. பெயரில் முதல் பாதி ஊர்ப்பெயர். இரண்டாம் பாதி இங்கிலாந்தில் அச்சாகும் அகராதிகளில் இருக்கிறது, ஆனால் லண்டன் தெருவில் நூறு பேரைக் கேட்டால் ஒருவருக்கும் பொருள் தெரியாது. நம் ஊர் அணைக்கட்டுதான் ஏ-என்-ஐ-சி-யு-டி என்று எழுத்து மாறி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கிலத்துக்குள் போன கதையை நாம் பள்ளிக் காலத்திலிருந்து பெருமையாகச் சொல்லி வருகிறோம். அனிகட்டை அந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. கடைத்தெரு வழியாகவோ சாப்பாட்டு மேசை வழியாகவோ போயிருந்தால் அதுவும் பிரபலமாகியிருக்கும். அது போனது அரசாங்கக் கோப்பு வழியாக. அதனால் இருநூற்றைம்பது ஆண்டுகளாக உயிரோடு இருந்தும் ஊரறியாத சொல்லாகவே நிற்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம், குழப்பமே அங்கேதான். பல ஆங்கில அகராதிகள் அனிகட் என்றால் ‘டேம்’, அதாவது அணை என்று முடித்துக்கொள்கின்றன. அது முக்கால் பிழை. மேட்டூர், பவானிசாகர் போன்ற அணைகளின் வேலை தண்ணீரைத் தேக்கிவைப்பது. அனிகட் எதையும் தேக்குவதில்லை. ஆற்றின் குறுக்கே, பல இடங்களில் நீரோட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக, கல்லாலான ஒரு சுவர். சிற்றாறுகளில் ஆளுயரம்கூட இருக்காது. சுவரின் ஒரு முனையில் தலைமதகு. ஆற்று மட்டம் சுவரின் தலைவரை ஏறியதும் தண்ணீர் மதகு வழியாக வாய்க்காலில் திரும்புகிறது. மிஞ்சியது சுவரின்மேல் வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகிறது. சுவருக்குப் பின்னால் மணல் மேடிட்டாலும் நாசமில்லை. அதை அடித்துக்கொண்டு போக மணற்போக்கி உண்டு. தேக்கிவைக்கும் வேலை முழுவதும் வாய்க்காலின் மறுமுனையில் இருக்கும் குளத்துக்கு.

நொய்யலின் அமைப்பு முழுக்க இந்தக் கணக்கில் போட்டதுதான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் இந்த ஆறு வருடம் முழுவதும் ஓடாது. மலையில் மழை கொட்டினால் இரண்டொரு நாள் புரண்டு வரும், பிறகு வெறும் மணல். அப்படிப்பட்ட ஆற்றின் குறுக்கே பெரிய தேக்கம் கட்டுவதைவிட, வரும் வெள்ளத்தை வழியிலேயே பிடித்துப் பல குளங்களுக்குப் பிரித்துவிடுவது புத்திசாலித்தனம். சித்திரைச்சாவடி அணைக்கட்டின் வாய்க்கால் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி என்று ஊரின் மேற்குக் குளங்களை வரிசையாக நிரப்புகிறது. அதற்குக் கீழே குனியமுத்தூர், கோயம்புத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் அணைக்கட்டுகள். மேலே இருப்பவன் எடுத்தது போக மீதி கீழே. ஒரு குளம் நிரம்பி வழிந்தால் அந்த உபரி அடுத்த குளத்துக்கு. ஆத்துப்பாலத்தில் நின்று பார்க்கிறவருக்கு நொய்யல் ஒற்றை ஆறு. அணைக்கட்டு, வாய்க்கால், குளம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய வலை என்று தெரியும்.

இந்தச் சொல் ஆங்கிலத்தில் நுழைந்த இடம் கொங்கு நாடு அல்ல, தஞ்சாவூர். ஆங்கிலோ-இந்தியச் சொற்களுக்கென ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ அகராதி இதன் தடயங்களை வரிசைப்படுத்துகிறது. பழையது 1776ஆம் ஆண்டுக் கடிதம். சென்னை ஆலோசனைச் சபை தஞ்சாவூரில் இருந்த படைத்தலைவருக்கு எழுதியது. கரை செப்பனிடும் வேலையைப் பார்க்க ராஜா போக விரும்பும் இடமாக அனிகட் அதில் வருகிறது, எழுத்துக்கூட்டல் ‘அனகட்’. 1784இல் கம்பெனி இயக்குநர்களின் ஆணை. தஞ்சை நாட்டு விளைச்சல் முழுவதும் காவிரித் தண்ணீரை நம்பியிருக்கிறது, அனிகட்டையும் கரைகளையும் பழுதுபார்த்து வைக்காவிட்டால் தண்ணீர் இல்லை என்பது அதன் சாரம். 1793இல் இரண்டு அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்து. அதில் ‘அன்னிகட்’. சோழராஜா கட்டினாரோ வேறு யார் கட்டினாரோ, கட்டடம் யோசித்துக் கட்டியது என்று ஒருவர் ஒத்துக்கொள்கிறார்.

இந்த மூன்று குறிப்புகளும் பேசுவது கல்லணை வட்டாரத்தைத்தான். கவனிக்க வேண்டிய விஷயம், மூன்றிலும் யாரும் சொல்லுக்கு விளக்கம் தரவில்லை. இரண்டு தரப்புக்கும் தெரிந்த சொல்லாக அது கடிதத்தில் புழங்குகிறது. 1776க்கு முன்பே கம்பெனிக்காரர்களின் பேச்சில் அது பழகிவிட்டது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். இன்னொன்று, மூன்றும் பழுதுபார்ப்பு, வருமானம், அதிகாரம் பற்றிய கடிதங்கள். தஞ்சையின் நெல்லில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை ஆற்காட்டு நவாப், தஞ்சை ராஜா, கம்பெனி ஆகிய மூவருக்கும் நடுவே நடந்த காலம். அணைக்கட்டைப் பழுதுபார்க்கிறவன் கையில் நாட்டின் கழுத்து இருந்தது. வெள்ளைக்காரர் இந்தச் சொல்லைக் கற்றது தமிழ் ஆர்வத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஹாப்ஸன்-ஜாப்ஸன் தரும் விளக்கம் இன்றைக்குள்ள பல அகராதிகளைவிடத் துல்லியமானது. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களை நிரப்பவும் அவற்றின் நீரளவை ஒழுங்குபடுத்தவும் கட்டப்படுவது என்று அது சொல்கிறது; பாசன அமைப்பில் தலையாய வேலை இதுவே என்றும் சேர்க்கிறது. இந்தத் துல்லியத்துக்குக் காரணம் எழுதியவர்களின் பிழைப்பு. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். யூல் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்தவர், வடக்கே பழைய மொகலாயக் கால்வாய்களைச் சீரமைக்கும் பணியில் இருந்தவர். ஒருவருக்குச் சொல் தெரியும், மற்றவருக்குத் தண்ணீர் தெரியும். அகராதிக்கு இப்படியொரு ஜோடி அமைவது அபூர்வம்.

அவர்களும் பிற்கால அகராதிகளும் மூலம் தமிழ் என்றே எழுதுகின்றன. இதில் மறுப்புக்கு இடமில்லாமல் இல்லை. கன்னடத்தில் அணெகட்டு, மலையாளத்தில் அணக்கெட்டு, தெலுங்கில் ஆனகட்ட. ஒலியை மட்டும் வைத்துப் பார்த்தால் நால்வரில் யாரும் உரிமை கோரலாம். தீர்ப்பைச் சொல்வது ஒலி அல்ல, முகவரி. பழைய சான்றுகள் எல்லாம் காவிரிப் படுகையைப் பற்றி எழுதியவை, அங்கே பேசிய மொழி தமிழ். தஞ்சையை ஆண்டது மராட்டிய வம்சம் என்றாலும் மடையும் மதகும் மராட்டி பேசவில்லை.

எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு கதை உண்டு. நூறாண்டுக்கு மேல் அனகட், அனிகட், அன்னிகட், அனைகட் என்று அலைந்து, கடைசியில் அனிகட் நிலைத்தது. இதில் ‘கட்டு’ என்ற நம் சொல் ‘கட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்தை வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் அதற்கு வெட்டு என்று பொருள். வெட்டிய கால்வாயையும் அப்படிச் சொல்வார்கள். கட்டியது வெட்டியதாகத் தோற்றம் மாறிவிட்டது. காதுக்குப் பழக்கமான ஒரு துண்டு கிடைத்ததும் சொல் அங்கே ஊன்றிக்கொள்வது மொழிகளுக்குப் பொது வழக்கம். இங்கேயும் அதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். கொங்கு நாட்டுக்காரர் கவனிக்க ஒரு குறிப்பு: கோவைக்கு வடமேற்கே கேரள எல்லையில் இருக்கும் ஆனைகட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது யானை. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் தெரிவதால் வெளியூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு சட்டமன்றத் தொகுதி மட்டும் உண்மையிலேயே அணைக்கட்டு.

சொல்லுக்குப் பொற்காலம் ஆர்தர் காட்டன் காலம். 1821இல் சென்னைக்கு வந்த இந்தப் பொறியாளர் காவிரிப் பொறுப்பை ஏற்றபோது ஆறு கொள்ளிடம் பக்கமே சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. காவிரிக் கிளை மணல் மேடிட்டுத் தஞ்சை வறண்டது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1830களில் அவர் எழுப்பிய மேலணை நிலைமையைத் திருப்பியது. அணைக்கரையில் கீழணை கட்டியதும் அதே காலம். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதைப் பழைய தமிழ்க் கட்டுமானத்தைப் பார்த்துத்தான் கற்றோம் என்று காட்டன் பிற்காலத்தில் வெளிப்படையாக எழுதினார். கல்லைக் கொண்டுவந்து மணலில் போடுவது. அது தானே அமிழ்ந்து இறுகுமட்டும் மேலும் மேலும் போடுவது. அந்தப் பாடத்தோடு கோதாவரிக்குப் போய் 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் அணைக்கட்டு கட்டினார். அதையடுத்து கிருஷ்ணாவில் பெஜவாடா அணைக்கட்டு. 1856இல் பேர்டு ஸ்மித் இந்த மூன்று ஆறுகளின் பாசன வேலைகளைப் பற்றி எழுதிய பெரிய அறிக்கை வந்தபோது அனிகட் சென்னை மாகாணத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது.

இந்தக் காலத்துப் பெயர்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாம் கல்லணை என்கிறோம், ஆங்கிலம் கிராண்ட் அனிகட் என்கிறது. மேலணை, கீழணை என்கிறோம், ஆங்கிலம் அப்பர் அனிகட், லோயர் அனிகட் என்கிறது. காவிரியின் மூன்று புகழ்பெற்ற இடங்களிலும் தமிழ்ப்பெயரில் ‘கட்டு’ இல்லை, ஆங்கிலப் பெயரில் இருக்கிறது.

இலக்கியத்துக்கு வருவோம். ஆங்கில இலக்கியம் என்ற பெரிய வீட்டில் அனிகட் திண்ணையைத் தாண்டவில்லை என்பதே என் கணிப்பு. வாசல்வரை போனதற்குச் சாட்சி எட்மண்ட் பர்க். மேலே சொன்ன 1784ஆம் ஆண்டு ஆணை அவருடைய நூல்தொகுதியில்தான் அச்சாகியிருக்கிறது. அதை ஒட்டி எழுந்த விவகாரத்தில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரி 28 அன்று அவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரை ஆங்கில உரைநடையின் சிகரங்களில் ஒன்று. இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர், சென்னைக்கு அடுத்திருந்த ஜாகீர் பகுதியின் வரைபடத்தை விரித்துவைத்து ஏரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். 1,100க்கு மேல் வந்தது. கர்நாடகப் பிரதேசமும் தஞ்சையும் சேர்ந்தால் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டார். தங்கள் காலத்துக்குப் பின்னும் குடிகள் வாழ வேண்டும் என்று நினைத்த மன்னர்கள் விட்டுச்சென்ற நினைவுச்சின்னங்கள் இவை என்பது அவர் வாதம். ஏரியைப் பற்றி ஆங்கிலத்தில் இதற்கு ஈடான பக்கத்தை நான் படித்ததில்லை. ஆனால் அவர் மனத்தைத் தொட்டது ஏரி. ஏரிக்குத் தண்ணீர் அனுப்பும் சுவர் ஆணையின் வாசகத்திலேயே தங்கிவிட்டது.

பர்க்குக்குப் பின்னும் இதே கதை. சின்கோனா விதைக்காகப் பெரு நாட்டுக்கும் பிறகு நீலகிரிக்கும் அலைந்த கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1862இல் வெளியிட்ட பயண நூலில் ஸ்ரீரங்கத் தீவின் மேற்கு முனையில் உள்ள மேலணையைப் பற்றி எழுதுகிறார். அனிகட் என்று எழுதிவிட்டு ‘வியர்’ என்று பொருள் சொல்கிறார். நீர் மேலே வழிந்தோடும் தாழ்ந்த சுவருக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். சரியான விளக்கம். 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடு அங்கிருந்த ஒன்றைக் கல் ‘டேம்’ என்கிறது. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு பொருள். அகராதிக் குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. டேங்க் (குளம்), பண்ட் (கரை), நல்லா (ஓடை) போன்ற சொற்கள் கதைக்குள்ளும் நாவலுக்குள்ளும் தாராளமாகப் போய்விட்டன. அனிகட் கையேடு, கெசட்டியர், பயணக்குறிப்பு என்று அரசாங்க அலமாரியிலேயே உட்கார்ந்தது.

ஆங்கிலேயரைக் குறை சொல்லும் முன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழ் இலக்கியத்திலும் ஆற்றுக்குப் பாட்டு உண்டு, ஏரிக்கு உண்டு, வாய்க்காலுக்குக்கூட உண்டு. அணைக்கட்டுக்கு? பழைய சொல் ‘சிறை’. பாய்ந்துவரும் வெள்ளத்தைக் கற்சிறை தாங்குவதுபோலப் படையைத் தனியொருவன் தாங்கி நிற்பதைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் சொல்கிறது. தடுத்துநிற்கும் வலிமைதான் அங்கே கண்ணில் படுகிறது, திருப்பிவிடும் சாமர்த்தியம் அல்ல. ‘அணை’ என்ற சொல் பக்தி மரபில் இராமன் கடலில் கட்டியதைக் குறித்து நிற்கிறது. வைணவர்களுக்குச் சேது இன்றும் திருவணை. பேரூர்ப் பக்கத்துக் கல்வெட்டுகளில் நொய்யல் அணையொன்று ‘தேவிசிறை’ என்று பெயர் பெற்றிருக்கிறது. கொங்கு நாட்டில் சிறையும் அணையும் நெடுங்காலம் அக்கம்பக்கமாகப் புழங்கியிருக்கின்றன. பவானியில் காளிங்கராயன் அணைக்கட்டு கட்டி 1283இல் வாய்க்காலை முடித்ததாக வழங்கும் வரலாறு நம் பக்கத்தில் ஏறக்குறைய குலக்கதை. அதிலும் மக்கள் வாயில் பெரும்பாலும் வருவது ‘காளிங்கராயன் வாய்க்கால்’. சுவர் பின்னால் நிற்கிறது.

நவீன காலத்திலும் மாற்றமில்லை. ‘பொன்னியின் செல்வன்’ வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு அந்த ஏரிக்கு வடவாறு வழியாகத் தண்ணீர் வருவது கீழணையிலிருந்து என்பது எத்தனை வாசகர்களுக்குத் தெரியும்? கல்கியின் காலச்சூழலில் கீழணை இல்லை, அதனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தி. ஜானகிராமனும் சிட்டியும் எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ ஆற்றோடு பயணம் செய்து எழுதிய நூல் என்பதால் கல்லணைக்கு அதில் இடம் கிடைத்தது. அது விதிவிலக்கு. பொதுவாக ஏரி அழகு, ஆறு தாய். அணைக்கட்டு மட்டும் பொறியாளர் சமாச்சாரமாகவே இரண்டு மொழிகளிலும் ஒதுங்கிவிட்டது.

இலக்கியத்தில் முடங்கிய சொல் நிலத்தில் வெகுதூரம் போனது. சென்னை மாகாணத்துப் பாசன அனுபவம் வடக்கே போனபோது சொல்லும் கூடவே போனது. பீகாரில் சோன் ஆற்றங்கரை டெஹ்ரியில் அனிகட், ஒடிசாவில் கட்டாக் நகரத்து ஜோப்ரா அனிகட். ஆச்சரியம் ராஜஸ்தான். அங்கே ‘ஏனிகட்’ என்பது பஞ்சாயத்துக் கூட்டத்தில் சாதாரணமாகப் புழங்கும் இந்திச் சொல். இது தமிழ் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். பொருள் மட்டும் திரிந்துவிட்டது. பருவ ஓடைகளின் குறுக்கே கட்டி, தண்ணீரை நிறுத்தி நிலத்தடிக்கு இறக்கும் சிறு அணைதான் அங்கே ஏனிகட். வாய்க்கால் இருந்தாக வேண்டிய கட்டாயமில்லை. திருப்பிவிடப் பிறந்த சொல் தேக்கிவைக்கப் போய்விட்டது. இலங்கையில் நிலைமை வேறு. மகாவலியின் மினிப்பே தொடங்கி சின்னஞ்சிறு கிராமத்து அமைப்புவரை அங்குள்ள ஆங்கில அரசாங்க நடையில் அனிகட் பழைய பொருளோடு உயிராக இருக்கிறது. குளங்களும் அனிகட்டுகளும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். சொல்லை ஒழுங்காக வைத்திருக்கும் இடம் கேட்டால் நான் கொழும்பு அலுவலகக் கோப்புகளைத்தான் காட்டுவேன்.

இதற்கிடையில் சென்னையில் ஒரு முதலீட்டு நிறுவனம் தன் பெயரை அனிகட் என்று வைத்துக்கொண்டது. அதன் ஆரம்ப நிதிக்குப் பெயர் கிராண்ட் அனிகட். ஓடுகிற பணத்தை வேண்டிய வயலுக்குத் திருப்பிவிடுவதுதானே வேலை, பெயர் பொருந்தத்தான் செய்கிறது. இலக்கியம் செய்யாத உருவகத்தை வணிகம் செய்திருக்கிறது.

கட்டுமானங்கள் மாற மாறச் சொல்லுக்கும் வேலை குறைகிறது. பெஜவாடாவின் பழைய அணைக்கட்டுக்குப் பதில் 1957இல் பிரகாசம் பேரேஜ் வந்தது. தவளேஸ்வரத்திலும் பிறகு பேரேஜ் கட்டி அதற்குக் காட்டன் பெயரையே வைத்தார்கள். சுவருக்குப் பதில் ஆற்றின் அகலம் முழுக்கக் கதவுகள் இருந்தால் அது பேரேஜ், தமிழில் கதவணை. முக்கொம்பில் 2018 ஆகஸ்டில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட பிறகு அங்கே எழுந்ததும் கதவணைதான்.

தமிழில் நடந்திருப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. பெரியாறும் மேட்டூரும் வந்தபின் ‘அணை’ என்றால் மலைகளுக்கு நடுவே கடல்போல் தேங்கிய நீர் என்று மனத்தில் படிந்துவிட்டது. அணைக்கட்டையும் அதற்கே சேர்த்துக் கொடுத்துவிட்டோம். அப்புறம் சித்திரைச்சாவடியை என்னவென்று சொல்வது? பத்திரிகைகள் ‘தடுப்பணை’யை எடுத்துக்கொண்டன. நொய்யலில் புதுவெள்ளம் வரும் நாளில் சித்திரைச்சாவடி தடுப்பணை நிரம்பி வழிகிறது என்று செய்தி வரும், படமும் வரும். தடுப்பணை என்பது ஓடையில் தண்ணீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்குவது. அதற்கு வாய்க்கால் தேவையில்லை, வாய்க்காலின் மறுமுனையில் குளமும் தேவையில்லை. வழிகிற சுவரைப் படம் எடுத்துவிட்டால் செய்தி முடிந்தது. அணைக்கட்டு என்று எழுதினால் அடுத்த கேள்வி தானாக வரும்: வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா?

உக்கடத்துக்கு இந்தக் கேள்வி வெறும் மொழி விவகாரம் அல்ல. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியகுளத்தின் கரையை அகலப்படுத்தி, நடைபாதையும் விளக்கும் போட்டு, மாலையில் குடும்பத்தோடு வந்து உட்காரும் இடமாக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். ஆத்துப்பாலம் வரை மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறந்தபின் மேலிருந்து குளத்தை ஒரே பார்வையில் பார்க்கவும் முடிகிறது. ஆனால் செலவும் பேச்சும் கரையைச் சுற்றியே நிற்கின்றன. வாய்க்கால் வீடுகளுக்கு நடுவே குறுகி, சாக்கடையைச் சுமந்து, ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்கிறது. அணைக்கட்டில் வெள்ளம் புரளும் நாளிலும் குளத்துக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதை அந்த வாய்க்காலின் அகலம்தான் தீர்மானிக்கிறது. ஹாப்ஸன்-ஜாப்ஸன்காரர்கள் அனிகட்டுக்கு எழுதிய விளக்கத்தில் வாய்க்கால் பாதி இடத்தை எடுத்துக்கொள்கிறது. நம் இன்றைய அகராதிகள் அணைக்கட்டு என்ற சொல்லுக்கு அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுக்கலாம். நீர்வளத்துறையின் கோப்பில் அது இன்னும் கோயம்புத்தூர் அனிகட் என்றே இருப்பதால், அங்கே மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.